எடை குறையட்டும், தசை போக வேண்டாம்

வணக்கம் மக்களே. எடை குறைக்கும் ஊசி போடுகிறவர்களுக்காக இந்த வீடியோ. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவுக்கு வந்தன. அதிலிருந்து "எத்தனை கிலோ குறைந்தது?" என்ற கேள்விதான் எங்கே போனாலும். குறைந்தது கொழுப்பா, தசையா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் கவலை.

வெகோவியில் இருக்கும் செமாக்ளுடைடை 68 வாரம் கொடுத்துப் பார்த்த ஸ்டெப் 1 ஆய்வு 2021இல் வந்தது. சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. சிலருக்கு, உடம்பில் கொழுப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று காட்டும் டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில், போன எடையில் சுமார் 40 சதவீதம் கொழுப்பே இல்லை. அதில் நீரும் சேரும், முழுக்கத் தசை என்று பயப்படாதீர்கள். ஆனாலும் கணிசமான பங்கு தசைதான்.

மருந்து தசையைத் தின்பதில்லை. பசி அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். பசியில்லாதவர் மதியம் என்ன சாப்பிடுகிறார்? நாலு வாய் ரசம் சாதம், ஓர் அப்பளம், போதும் என்று எழுந்துவிடுகிறார். புரதம் எங்கே?

அதனால் வரிசையை மாற்றுங்கள். இந்தத் தட்டைப் பாருங்கள்: முதலில் இரண்டு முட்டை, அப்புறம் சுண்டல், அப்புறம் தயிர். வயிற்றில் இடமிருந்தால் கடைசியில் சோறு. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். 70 கிலோ என்றால் 84 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம்தான் கிடைக்கும். சைவம் என்றால் 50 கிராம் மீல் மேக்கரில் 25 கிராம் வந்துவிடும், பன்னீரும் கைகொடுக்கும். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

சரி, சாப்பாடு மட்டும் போதுமா? போதாது. தசைக்கு வேலை கொடுத்தால்தான் உடம்பு அதை விட்டுவைக்கும். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, ஆனால் தொடைக்கு அந்தச் சுமை பற்றாது. வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்குங்கள். ஜிம் இல்லையா? இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். சுலபமானால் சுமையைக் கூட்டுங்கள்.

வீட்டில் அறுபது தாண்டியவர்கள் இந்த ஊசி போட்டால் இதைச் செய்து பாருங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். இதோ, நான் செய்கிறேன், கடிகாரத்தைப் பாருங்கள். 15 நொடிக்கு மேல் ஆனால் கால் வலு குறைவு என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நொடிக் கணக்கை எழுதி வைத்து, அடுத்த டோஸை ஏற்றும் முன் டாக்டரிடம் காட்டுங்கள்.