கழுத்தில் இருப்பது அழுக்கல்ல

நேயர்களுக்கு வணக்கம். "பிள்ளை கொழுகொழுன்னு இருக்கான், கண்ணு பட்டுடப் போகுது" என்று சொல்லாத பாட்டி நம் ஊரில் உண்டா? எனக்கும் கன்னத்தில் மைப்பொட்டு வைத்துத்தான் வளர்த்தார்கள். குழந்தை மருத்துவனான பிறகு, குண்டான பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது கன்னத்தை அல்ல, பின்கழுத்தை.

ஒரு அம்மா கொழுகொழுவென்று இருந்த நாலாம் வகுப்புப் பையனை அழைத்து வந்தார். "சார், சரியாக் குளிக்க மாட்டேங்கிறான். கழுத்துல அழுக்கு அப்படியே படிஞ்சு கிடக்கு. பாசிப்பயறு மாவு, பீர்க்கங்காய் நார், எதுக்கும் போகல." பையன் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். காலரை விலக்கினால், தேய்த்துத் தேய்த்துத் தோல் கன்றிப் போயிருக்கிறது. விரலால் தடவினேன். வெல்வெட் துணி போல மெத்தென்று, தடித்து, கருத்து. அக்குளிலும் அதே.

அது அழுக்கில்லை. ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கக் கணையம் சுரப்பது இன்சுலின். உடம்பில் கொழுப்பு கூடும்போது இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து தள்ளுகிறது. அந்த மிகை இன்சுலின் தோலையும் தடிக்க வைக்கிறது. சர்க்கரை நோய் வர வாய்ப்பு உண்டு என்பதற்கு முன்னறிவிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்தால் கருப்பும் மெல்ல மங்கும். சோப்புக்கு மங்காது. திரும்பவும் சொல்கிறேன், சோப்புக்கு மங்காது. கருப்பாகத் தெரிவதெல்லாம் இதுவல்ல, சரி. ஆனால் டாக்டரிடம் காட்டாமல் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

அதே அம்மாவிடம், "ராத்திரி குறட்டை விடுவானா?" என்று கேட்டேன். "அப்படியே அவங்க அப்பா!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டையைச் சுற்றிச் சேரும் கொழுப்பு மூச்சுப்பாதையை நெருக்குகிறது. தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டுத் தடைப்பட்டு வருகிறது. எட்டு மணி நேரம் படுத்தும் பையன் சரியாகத் தூங்கியிருக்க மாட்டான். மறுநாள் மூன்றாவது பீரியடில் கண் சொருகும். ஆசிரியர் "மந்தம்" என்று எழுதி அனுப்புவார். படிப்பு வராத பிள்ளை இல்லை அவன், தூக்கம் வராத பிள்ளை.

இன்னொன்று. குண்டான பிள்ளைகள் பலர் முதலில் சட்டென்று வளர்ந்துவிடுவார்கள். பெற்றோருக்குப் பெருமை. பெண் குழந்தைகளில் பலருக்குப் பருவமும் முந்துகிறது. அப்படி முந்தினால் எலும்பும் முந்திக்கொண்டு முதிர்ந்து, உயரம் சீக்கிரமே நின்றுவிடலாம். வயதுக்கேற்ற எடையைக் காட்டும் வரைபடத்தை வானொலியில் காட்ட முடியாது. ஆனால் போன ஜூனில் தைத்த யூனிஃபார்ம் பேண்ட் நீளத்தில் சரியாக இருந்து இடுப்பில் மட்டும் இறுகினால், அதுவும் ஒரு வரைபடம்தான்.

அப்புறம் சாப்பாடு... நிகழ்ச்சி அமைப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டினி போடாதீர்கள், வளரும் உடம்பு. 300 மில்லி கோலாவில் ஏழெட்டு டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது, முதலில் அதை நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் தினமும் 60 நிமிடம் ஓடியாடச் சொல்கிறது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும், இன்றைக்கு நேரமில்லை. அந்தப் பையனா? போன மாதம் வந்தான். கழுத்து இன்னும் முழுசாக வெளுக்கவில்லை. காலரை மட்டும் இழுத்துவிடவில்லை. வணக்கம்.