கைப்பேசியில் ஓர் ஊரின் பெயர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

சமூக ஊடகங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் சந்தைப்படுத்துதலும் மக்கள் தொடர்பும் எவ்வாறு மாறியிருக்கின்றன என்பது பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். சேலத்தில் வணிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் பாடநூலில் உள்ளதைச் சொல்லி முடித்துக்கொள்ள என்னால் இயலும். ஆனால், என் தந்தையார் ஆத்தூருக்கு அருகில் சேகோ எனப்படும் ஜவ்வரிசி செய்யும் ஓர் ஆலையில் கணக்கு எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். களத்தில் காயும் ஜவ்வரிசி வெயிலில் கண்ணைக் கூசச் செய்ய, அதன் ஓரத்தில் அமர்ந்துதான் என் பள்ளி விடுமுறைகளைக் கழித்தேன். ஆகவே, எனக்குக் கொடுக்கப்பட்ட பொருளை அந்த ஜவ்வரிசியை வைத்தே பேச விரும்புகிறேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது புனேயில் பணியாற்றுகிறார். அவர் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான அம்மையார் ஒருநாள் தம் கைப்பேசியை நீட்டி, "இது உங்கள் ஊரைப் பற்றித்தானே?" என்று கேட்டாராம். சேலத்திலிருந்து கோவை செல்லும் சாலையில் உள்ள ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கைப் பெரிய குழிகளில் கொட்டி மாதக்கணக்கில் அழுகவிடுகிறார்கள், இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் அதில் விழுந்து மடிகின்றன, அதைக் காலால் மிதித்து மாவாக்குகிறார்கள், எனவே ஜவ்வரிசி சைவ உணவே அன்று என்பது அந்தச் செய்தி. இந்தியிலும் பிற வட இந்திய மொழிகளிலுமாகப் பத்தாண்டுகளுக்கும் மேலாக அது சுற்றிக்கொண்டிருக்கிறது. மாணவர் அன்று மாலையே என்னை அழைத்து, "சார், நான் என்ன பதில் சொல்வது?" என்று கேட்டார். ஆலைக் களத்தில் வளர்ந்த எனக்கே உடனடியாகச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

அந்தச் செய்தி ஏன் பொய் என்பதை நம் பகுதியில் குச்சிக்கிழங்கு என்று அழைக்கப்படும் மரவள்ளியைப் பயிரிடும் எந்த விவசாயியும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அதனால்தான் கிழங்கு லாரிகள் இரவோடு இரவாக ஆலை வாசலில் வந்து நிற்கின்றன. மாதக்கணக்கில் அழுகவிட்டால் மாவின் நிறமும் தரமும் கெட்டு, வாங்குவதற்கு ஆளே இருக்காது. கிழங்கைக் கழுவித் தோலுரித்து, இயந்திரத்தில் அரைத்து, சல்லடைகளில் வடித்து, அந்த மாவுப்பாலைத் தொட்டிகளில் தெளியவிடுகிறார்கள். மேல்நீரை வடித்தபின் அடியில் படிந்த மாவை எடுத்து உலர்த்தி உதிர்த்து, குலுக்கி மணிமணியாகத் திரட்டி, அளவு வாரியாகச் சலித்து, சூடான தட்டுகளில் வறுத்துக் களத்தில் காயவைக்கிறார்கள். தூளியைப் போலக் கட்டிய சாக்குத் துணியில் மாவைப் போட்டு இருவர் ஆட்டி மணி திரட்டியதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இன்று அந்த வேலையையும் இயந்திரமே செய்கிறது. அந்தச் செய்தி சொல்லும் சாலைகூடப் பொருந்தாது. ஆலைகள் மிகுதியாக இருப்பது ஆத்தூர்ப் பக்கமும், இராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கமும்தான்.

இவ்வளவு எளிதில் உடையக்கூடிய ஒரு பொய் இத்தனை ஆண்டுகள் உயிரோடு இருப்பது எப்படி? மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஏகாதசி, நவராத்திரி போன்ற நோன்பு நாள்களில் தானியத்தை விலக்குவோர் உண்ணும் உணவு சாபுதானா என்று அவர்கள் அழைக்கும் இந்த ஜவ்வரிசிதான். நோன்பு கெட்டுவிடுமோ என்ற அச்சத்தைத் தொடும் செய்தியைப் படிப்பவர் ஆராய்ந்துகொண்டிருப்பதில்லை. தம் அக்காவையும் அண்ணியையும் எச்சரிக்க வேண்டும் என்றே நினைக்கிறார். அனுப்புகிறவர் உறவினர் என்பதால் பெறுகிறவரும் நம்பிவிடுகிறார். வாட்ஸ்அப் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் ஒரே செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தது. பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020இல் மேலும் இறுக்கியது. வேகம் ஓரளவு குறைந்திருக்கலாம். ஆனாலும், குடும்பக் குழுவுக்குள் நடப்பதை வெளியிலிருந்து எவரும் பார்க்க இயலாது. செய்தித்தாளில் தவறான செய்தி வந்தால் ஆசிரியருக்கு மறுப்புக் கடிதம் எழுதலாம். இங்கே கடிதம் எழுதுவதற்கு ஆசிரியர் என்று எவரும் இல்லை.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. புனேயில் உள்ள அந்த அம்மையாருக்குச் சேலத்தில் ஜவ்வரிசி செய்கிற ஒருவரது பெயரும் தெரியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசியின் வரத்து தடைப்பட்டபோது சேலத்தில் குடிசைத் தொழிலாகத் தோன்றியது இத்தொழில். 1981ஆம் ஆண்டில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்த பிறகு, இடைத்தரகர்களிடம் சிக்கித் தவித்த ஆலைகளுக்கு நியாயமான ஏல விலையும் கிடங்கு வசதியும் கிடைத்தன. அது பெரிய சாதனை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால், நாம் மூட்டையை வியாபாரியிடம் விற்றதோடு நின்றுவிட்டோம். அந்த மூட்டை வடக்கே சென்று, பிரிக்கப்பட்டு, வேறு வேறு பெயர்களில் சிறு பொட்டலங்களாக அடுப்படிக்குப் போய்ச் சேர்கிறது. செய்தவர் பெயர் பொட்டலத்தில் இல்லாதபோது பழி எந்த ஆலையின் மீது விழும்? ஊரின் மீதுதான் விழும். 2023ஆம் ஆண்டில் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்கைச் சேலம் ஜவ்வரிசி என்று விற்பதை அதைக் கொண்டு தடுக்கலாம். அந்தப் பெயர்மீது அவதூறு பரவும்போது வாய் திறந்து பேச வேண்டியவர்கள் நாம்தான்.

உண்பவரோடு நேரடியாகப் பேசும் பழக்கம் ஜவ்வரிசித் தொழிலில் வளராமல் போனாலும், நம் மாவட்டத்துக்கு அது புதிதன்று. இளம்பிள்ளைக்குப் போய்ப் பாருங்கள். தறியிலிருந்து இறங்கிய சேலையை அன்றைக்கே கைப்பேசியின் முன் விரித்துக் காட்டி, முந்தானை இது, உடல் இது, பிளவுஸ் இது என்று ஒரு பெண் விளக்குகிறார். எங்கோ ஓர் ஊரில் வீட்டிலிருந்தபடியே சேலை விற்கும் இன்னொரு பெண் அதைப் பார்த்து வாங்குகிறார். இடையில் விளம்பர நிறுவனமும் இல்லை, பெரிய கடையும் இல்லை. இதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனநிறைவு உண்டாகிறது. ஆயினும், பார்சலைப் பிரிக்கும்போது தொடக்கம் முதல் இறுதி வரை வெட்டாமல் வீடியோ எடுத்து அனுப்பினால்தான் புகாரை ஏற்போம் என்று இணையத்தில் விற்போர் பலர் விதி வைத்திருக்கிறார்கள். ஏமாற்றுகிற வாடிக்கையாளர்களால் நொந்துபோய் வைத்த விதி அது என்பதை நான் அறிவேன். ஆனால், நேர்மையாகப் பணம் கட்டிய ஒருவர், தாம் திருடரல்லர் என்று மெய்ப்பித்த பிறகே பேச முடியும் என்ற நிலை மக்கள் தொடர்புக்கு நல்ல தொடக்கம் ஆகாது. வீடியோ இல்லாத முதல் புகாரை நம்பி மாற்றிக் கொடுத்து, அடுத்த முறை முதல் விதியைக் கடைப்பிடிக்கும் ஒரு சிறு வியாபாரியை எனக்குத் தெரியும். அவருக்கு அதனால் ஏற்படும் இழப்பு சிறிது. அவரைப் பற்றி வாடிக்கையாளர்கள் பிறரிடம் சொல்லும் சொல்லுக்கு விலை மிகுதி.

பணம் பெற்றுக்கொண்டு புகழ்வது பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்காட்டில் ஒரு விடுதியில் இலவசமாகத் தங்கிவிட்டு அதைப் பாராட்டி ரீல்ஸ் வெளியிடுபவர், தமக்கும் விடுதிக்கும் உள்ள அந்தத் தொடர்பை வெளிப்படையாகத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான வழிகாட்டு நெறிமுறைகளும், 2023 ஜனவரியில் நுகர்வோர் நலத் துறை வெளியிட்ட விளக்கக் கையேடும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பணம் மட்டுமன்று, பரிசுப் பொருள், இலவசத் தங்கல், பயணம், உறவுமுறை ஆகியவையும் இதில் அடங்கும். பேசும் மொழியிலேயே, பார்ப்பவர் கண்ணில் படும்படி அது விளம்பரம் என்று சொல்ல வேண்டும். பொய்யான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கலாம். பரிந்துரைத்தவருக்கும் இது பொருந்தும். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். சட்டம் இருப்பது நல்லது. ஆனால், தட்டுவடை செட் விற்கும் ஒரு தள்ளுவண்டிக்காரரிடம், "பணம் கொடுத்தால் நல்லபடியாகப் போடுகிறேன்" என்று கேட்கிறவரைச் சட்டம் வந்து தடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; நாம் அவரைப் பின்தொடர்வதை நிறுத்தினால் போதும்.

இனி ஜவ்வரிசிக்குத் திரும்புகிறேன். மக்கள் தொடர்பு என்னும் தொழிலின் தொடக்கத்தைப் பாடம் நடத்தும்போது, 1906ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரயில் விபத்தை நான் தவறாமல் சொல்வேன். பாலத்திலிருந்து ரயில் நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விபத்துகளை மூடி மறைப்பதே அக்காலத்து நிறுவனங்களின் வழக்கமாக இருந்தது. பென்சில்வேனியா ரயில் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ அதற்கு நேர்மாறாக, விவரங்களை நிறுவனத்தின் பெயரிலேயே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். செய்தியாளர்கள் நடந்த இடத்தை நேரில் பார்க்கவும் வழி செய்தார். மக்கள் தொடர்பு என்றால் சாமர்த்தியமாகப் பேசுவது என்று எண்ணி வகுப்புக்கு வரும் மாணவர்களுக்கு, இடத்தைத் திறந்து காட்டுவதே அதன் முதல் வேலை என்பதை இந்த நிகழ்ச்சி புரியவைக்கிறது.

நம் ஆலைகளைத் திறந்து காட்ட முடியுமா? பெரும்பாலானவற்றைத் தயக்கமின்றிக் காட்டலாம். ஆனால், இங்கே ஓர் உண்மையை நான் மறைக்கக் கூடாது. ஜவ்வரிசி வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டும் என்பதற்காக வெளுப்பூட்டும் வேதிப்பொருள்களைச் சேர்த்த ஆலைகள் உண்டு. விலை குறைந்த மக்காச்சோள மாவைக் கலந்தவையும் உண்டு. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை நடத்திச் சரக்கைக் கைப்பற்றிய செய்திகளை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். பூச்சி விழுகிறது என்ற பொய்யை மறுக்கும் அதே குரல், வேதிப்பொருள் பற்றிய உண்மைக்கு முன் அடங்கிப்போனால் நம் மறுப்பை எவர் நம்புவார்? சில ஆலைகள் செய்த தவறு, நேர்மையாகத் தொழில் செய்யும் எல்லா ஆலைகளின் வாயையும் அடைத்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

இந்தத் தவறில் சந்தைக்கும் பங்குண்டு. தோலை நன்றாக நீக்கி, நல்ல தண்ணீரில் செய்த ஜவ்வரிசி சற்று மங்கலான வெண்மையில்தான் இருக்கும். மிக வெள்ளையாக இருப்பதே உயர்ந்தது என்று வியாபாரி கூடுதல் விலை கொடுக்கிறார். வாங்குகிறவரும் அதையே கேட்கிறார் என்று அவர் காரணம் சொல்கிறார். வாங்குகிறவருக்கு இதை எடுத்துச் சொன்னவர் யார்? ஒருவரும் இல்லை. சந்தைப்படுத்துதல் இங்கேதான் தொடங்க வேண்டும். கிழங்கு லாரி வந்து நிற்பது முதல் களத்தில் மணி காய்வது வரை, அலங்காரம் ஏதுமின்றிக் கைப்பேசியிலேயே எடுத்த இரண்டு நிமிடக் காட்சி, மராத்தியிலும் குஜராத்தியிலும் இந்தியிலும் விளக்கத்தோடு, நோன்புக் காலத்துக்கு முன்பே அங்கே போய்ச் சேர வேண்டும். பேசுபவர் நடிகராக இருக்க வேண்டாம். களத்தில் வேலை செய்யும் பெண்ணே பேசட்டும். வதந்தியின் வாசகத்தைத் திரும்பச் சொல்லி மறுப்பதைவிட, வேலை நடக்கும் முறையைக் காட்டுவது நல்லது. மறுப்பைப் பார்த்தே வதந்தியை முதன்முதலாக அறிந்துகொள்பவர்கள் பலர்.

புனேயில் இருக்கும் என் மாணவர் சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, தமக்குத் தெரிந்த ஓர் ஆலையில் இப்படியொரு காட்சியை எடுத்து, அந்த அம்மையாருக்கு அனுப்பிவைத்தார். திரும்பிப் போகும்போது வெளுப்பூட்டாத ஜவ்வரிசி இரண்டு கிலோவும் எடுத்துச் சென்றார். காட்சியைக் கடைசி வரை பார்த்த அந்த அம்மையார் பொட்டலத்தைப் பிரித்தவுடன், "இது ஏன் மங்கலாக இருக்கிறது, பழைய சரக்கா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு என் மாணவர் இந்தியில் ஒரு நிமிடக் குரல் பதிவாக விளக்கம் சொல்லி அனுப்பினார். அந்தப் பதிவை அம்மையார் தம் குடும்பக் குழுவில் போட்டிருப்பதாகவும், அங்கிருந்து இரண்டு பேர் இதே ஜவ்வரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருப்பதாகவும் சென்ற வாரம் என்னிடம் தெரிவித்தார்.

நன்றி, வணக்கம்.