கட்டியில் மிச்சம் இருந்தால்

டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

புற்றுநோய்க் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வருகிறார். "முடிந்த மட்டும் எடுத்துவிட்டோம், கொஞ்சம் மிச்சம் இருக்கிறது" என்கிறார். வீட்டார் இடிந்துபோகிறார்கள். "திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள்", "கத்தி பட்டால் பரவிடும்" என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்ல, ஆபரேஷன் ஆன அந்த அம்மா அடுத்த சிகிச்சைக்கே வராமல் போய்விடுவார். புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்த எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.

சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரியவரும். வயிறு உப்பும், நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடும், பாவாடை நாடா இறுக்கும். வாயு என்று விட்டுவிடுவோம். அதற்குள் குடலை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வு வரை கட்டி பரவியிருக்கும். நடுவயிற்றில் நேராகக் கீறி, கருப்பை, சினைப்பைகள், அந்தச் சவ்வு எல்லாவற்றையும் எடுப்பார்கள். எடுத்தால் உயிருக்கே ஆபத்து என்கிற இடத்தில் ஒட்டியிருப்பதை விட்டுவைப்பார்கள். அந்த மீதியைக் கொல்வது கீமோ என்கிற புற்றுநோய் மருந்தின் வேலை.

பெரிய கட்டியின் நடுவில் இரத்த ஓட்டம் குறைவு. இரத்தம் போகாத இடத்துக்குக் கீமோ மருந்தும் போகாது. அங்கே செல்கள் பெருகாமல் கிடக்கும். கீமோவோ பெருகுகிற செல்லைத்தான் அதிகம் கொல்லும். அதனால்தான் முதலில் ஆபரேஷனில் கட்டியின் பாரத்தைக் குறைக்கிறார்கள். மிச்சம் எவ்வளவு சிறியதோ, ஆயுள் அவ்வளவு கூடுகிறது என்று 1975இல் கிரிஃபித்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் காட்டினார். இன்று கண்ணுக்குத் தெரிய எதுவும் மிஞ்சக்கூடாது என்பதே குறி; முடியாவிட்டால் 1 சென்டிமீட்டருக்குள். ஆகவே டாக்டரிடம், "மிச்சம் எவ்வளவு பெரிசு, எங்கே இருக்கிறது?" என்று தயங்காமல் கேளுங்கள்.

சிலருக்கு உடம்பு உடனே ஆபரேஷன் தாங்காது. 3 தடவை கீமோ, அப்புறம் ஆபரேஷன், திரும்பவும் கீமோ. இதுவும் சரியான வழிதான். மூளைக் கட்டி சிலவற்றிலும் இப்படி முடிந்ததை எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுப்பதுண்டு. எல்லாப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது.

ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களில் கீமோ தேதி வரும். ஆடிக் கூழ் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், அந்தத் தேதிக்கும் போய்விடுங்கள். துணைக்கு ஒருவர் கூடப் போகட்டும். கீமோ நடக்கும்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், இரவானாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

வணக்கம்.