எட்டுப் போட்டால் எட்டும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். ஒரு நொடியோடு தொடங்குகிறேன். விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள்.

எட்டைக் கட்டினால் எட்டாததை எட்டலாம். அந்த எட்டை எண்ணிப் பார்த்தால் பத்து வரும். அது என்ன?

பாறை ஏறுகிறவர்கள் இடுப்பில் போடும் எட்டு முடிச்சு. கயிற்றின் நுனியிலிருந்து ஒரு கை நீளம், ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் விட்டு, எட்டு வடிவில் ஒரு தனி முடிச்சுப் போட வேண்டும். பிறகு நுனியை இடுப்புப் பட்டியின் இரண்டு வளையங்களுக்குள்ளாலும் கீழிருந்து மேலாக எடுக்க வேண்டும். கால்பட்டிகளை இணைக்கிற வளையம் ஒன்று, இடுப்பைச் சுற்றுகிற பட்டியில் உள்ள வளையம் ஒன்று. அதன்பின் நுனி தான் வந்த எட்டின் தடத்திலேயே திரும்பிப் போக வேண்டும். மிஞ்சுகிற வால் ஒரு கைமுட்டி அகலத்துக்குக் குறையக் கூடாது, 15 சென்ரிமீற்றர் இருந்தால் நல்லது. சரியாகக் கட்டிய முடிச்சில் கயிறு எங்கும் சோடி சோடியாகத்தான் ஓடும். விரல் வைத்து எண்ணுங்கள்: இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து. ஐந்து சோடி வந்தால் முடிச்சு முழுசு. நொடியில் சொன்ன பத்து இதுதான்.

இந்த முடிச்சைக் கட்டுகிற அரை நிமிடத்தில் யாரும் பகிடி விடக் கூடாது. ஏறுகிறவர்களின் பகிடிகளைப் பற்றிப் பேச வந்துவிட்டு முதலிலேயே தடை போடுவதற்குக் காரணம் இருக்கிறது. தனி எட்டு போட்டாயிற்று, நுனி வளையங்களுக்குள்ளால் வந்தாயிற்று, அந்த நேரம் பக்கத்தில் ஒருவர் ஒரு கதை சொல்ல, சிரித்துவிட்டு அப்படியே சுவரைப் பிடித்துவிடலாம். மேற்சட்டை மறைத்தால் பாதி முடிச்சு கண்ணில் படாது. ஏறும்போது கயிறு தளர்வாக இருப்பதால் எதுவும் தெரியாது. மேலே போய்க் கயிற்றில் சாய்கிறபோதுதான் தெரியும்.

உலகத்தின் மிகச் சிறந்த ஏறுநர்களில் ஒருவரான லின் ஹில்லுக்கு 1989 இல் பிரான்ஸின் பியூக்ஸ் (Buoux) என்ற ஊரின் பாறையில் நடந்தது இதுதான். கட்டிக்கொண்டிருக்கையில் கவனம் வேறு பக்கம் போனது, முடிச்சு முடியவில்லை. உச்சியிலிருந்து விழுந்தவரை மரக்கிளைகள் தாங்கியதால் உயிர் தப்பினார். அதே லின் ஹில் 1993 இல் அமெரிக்காவின் எல் கப்பிட்டன் பாறையின் ‘மூக்கு’ எனப்படும் வழியை, கயிற்றை உந்துதலுக்குப் பிடிக்காமல் தன் கைகால் பலத்தால் மட்டும் ஏறி முடித்தார். அதற்கு முன் எந்த ஆணும் அதைச் செய்திருக்கவில்லை. இறங்கி வந்து அவர் சொன்னது ஒரே வரி: “அது போகுது, பையன்களே!” அந்த வழியை அப்படி ஏற முடியும் என்று பொருள். 1953 இல் எவரெஸ்டிலிருந்து இறங்கிய எட்மண்ட் ஹில்லரியும் நண்பர் ஜோர்ஜ் லோவிடம், வானொலியில் சொல்லத் தகாத ஒரு வசைச்சொல்லால் அந்த மலையைக் குறிப்பிட்டு, அதை வீழ்த்திவிட்டோம் என்றுதான் சொன்னார். மரியாதை கெட்ட பேச்சுக்கு உரிய நேரத்தை இருவரும் அறிந்திருந்தார்கள். வேலை முடிந்த பிறகு, கால் தரையில் பட்ட பிறகு.

இனித் தமிழுக்கு வருகிறேன். இங்கே கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகள் செயற்கைச் சுவரில் ஏறும்போது ஆங்கிலமும் தமிழும் கலந்துதான் கத்துகிறார்கள். கத்துவதற்குத் தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த ஆசை. ஆனால் பார்த்துப் பொறுக்க வேண்டும். ‘இறுக்கு’ என்றால் கயிற்றை இழுத்துப் பிடி. ‘இறக்கு’ என்றால் என்னைக் கீழே விடு. நடுவில் ஓர் உயிர்தான் வித்தியாசம். பன்னிரண்டு மீற்றர் உயரத்திலிருந்து, மின்விசிறி இரைச்சலுக்கும் எதிரொலிக்கும் நடுவே, மூச்சு வாங்க வருகிற சொல்லில் அந்த உகரம் எங்கே கேட்கப் போகிறது? களைத்தவர் கொஞ்சம் தொங்கி இளைப்பாற நினைத்து ‘இறுக்கு’ என்பார். கீழே நின்று கயிற்றின் மறுபக்கத்தைப் பிடிக்கிறவர் அவரைச் சுகமாகத் தரையில் இறக்கி வைத்துவிடுவார். இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை.

‘விடு’ அப்படிப்பட்டதல்ல. கொஞ்சம் கயிறு விடு என்ற நினைப்பில் மேலிருப்பவர் கத்த, கீழிருப்பவர் பிரேக் பிடித்த கையையே விட்டால் கதை முடிந்தது. அதைவிட மோசமான சொல் ‘ஓகே’. மேலே கொக்கியை எட்டியவர் ‘ஓகே’ என்கிறார், எட்டிவிட்டேன் என்ற பொருளில். கீழே நிற்பவர் வேலை முடிந்ததென்று கயிற்றைக் கழற்றுகிறார். எந்த மொழிக்காரருக்கும் வந்திருக்கிற விபத்து இது.

என் பரிந்துரை மூன்று சொற்கள்: ‘பிடி’, ‘தளர்த்து’, ‘கீழே’. முதலெழுத்து மூன்றிலும் வேறு, ஓசையும் வேறு. சொல்லுக்கு முன் ஆளின் பெயர். கேட்டவர் அதே சொல்லைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கை அசைய வேண்டும். பெயர் ஏன் என்றால், சுவரடியில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் “அந்தப் பிடியைப் பிடி!” என்று கத்திக்கொண்டே இருப்பார்கள்.

பிடி என்ற சொல்லே நமக்குக் கிடைத்த பொக்கிஷம். கையால் பற்றுவதும் பிடி, பற்றுகிற மேடும் பிடி, பெண் யானையும் பிடி. மேலே ஒருவர் கையை நீட்டித் துழாவுகிறார்: “பிடி கிடைக்கல்ல மச்சான்!” கீழேயிருந்து பதில்: “இவ்வளவு பெரிய கொம்பனுக்கே பிடி கிடைக்கல்லையா?” கொம்பன் தந்தமுள்ள ஆண் யானை, வீரம் பேசுகிறவனும் கொம்பன். இந்தப் பகிடியை வேறு மொழிக்கு மாற்ற முடியாது. யானை உலாவும் நாட்டில் தமிழ் பேசுகிறவர்களுக்கே உரியது.

மேலே இருப்பவர் கீழே நிற்பவரைச் சொல்லால் மடக்குவதும் நமக்குப் புதிதல்ல. நாவல் மரக் கிளையில் ஏறியிருந்த மாட்டுக்காரப் பையன் ஒளவைப் பாட்டியிடம் சுட்ட பழமா, சுடாத பழமா என்று கேட்டானே! உலகம் மதித்த புலவரை ஒரு சிறுவன் மரத்திலிருந்து வாரினான். பாட்டி கோபிக்கவில்லை, மண்ணை ஊதினாள். ஏறுகிறவர்களின் கூட்டத்தில் அதே நியாயம்தான் நடக்கிறது. பதவியும் வயதும் தரையில் நின்றுவிடும். ஆனால் ஒரு நாகரிகம் உண்டு. ஏறும் வழியின் சூட்சுமத்தை ஏறுநர்கள் ‘பீட்டா’ என்பார்கள், பழைய பீட்டாமாக்ஸ் வீடியோ நாடாவிலிருந்து வந்த பெயர். கேட்காதவருக்குப் பீட்டா சொல்வது நொடி போட்டவுடனே விடையையும் சொல்லிவிடுவது போன்றது.

உடம்பைப் பற்றி ஒரு நொடி. இறுக்குவது விரல், வலிப்பது முழங்கைப் பக்கம். ஏன்? விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன, விரலுக்குள் வருவது நரம்புக் கயிறு போன்ற தசைநாண்கள் மட்டும். பலமாகப் பிடிக்கும்போது அந்தத் தசை தன் இரத்தக் குழாய்களையே நசுக்கிக்கொள்கிறது. முன்கை கல்லாகிவிடும். பிறகு சோடாப் போத்தலைக் கூடத் திறக்க முடியாது, நண்பர்கள் வேண்டுமென்றே போத்தலை நீட்டுவார்கள். தீர்வு எளிது. கையை மடக்காமல் நேராக்கித் தொங்குங்கள், ஒவ்வொரு கையாகக் கீழே தொங்கவிட்டு உதறுங்கள், பாரத்தைக் காலுக்குக் கொடுங்கள்.

கால் நடுங்கத் தொடங்கினால் அதற்குப் பெயர் தையல் மெஷின். குதி உயர்ந்து, களைத்த கெண்டைக்கால் தசை இழுபட்டு, தானாகத் துள்ளும். “எனக்கும் ஒரு சட்டை தைச்சுத் தா மச்சான்” என்று கீழேயிருந்து குரல் வரும். குதியைத் தாழ்த்தி, முழங்காலைக் கொஞ்சம் நேராக்கி, மூச்சை நீளமாக வெளியே விட்டால் மெஷின் நிற்கும்.

இருபது தரம் கம்பியில் எழும்புகிற பயில்வான் முதல்நாள் சுவரில் தோற்பதும், பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை கால்விரலில் நின்று ஏறிப் போவதும் எல்லா ஏறுகூடத்திலும் நடப்பது. புதியவர்களுக்கு வாரத்தில் இரண்டு, மூன்று நாள் ஏறுவதே போதும், நடுவே ஒரு முழுநாள் ஓய்வு. 20 மில்லிமீற்றர் விளிம்புள்ள பலகையில் விரல்களால் 7 செக்கன் தொங்கி 3 செக்கன் விட்டு ஆறு தரம் செய்கிற பயிற்சி இருக்கிறது. அதை ஒன்றிரண்டு வருடம் ஏறிப் பழகாமல் தொடக் கூடாது. தசை சில வாரத்தில் பலப்படும், தசைநாணும் விரலெலும்போடு அதை அணைத்துப் பிடிக்கும் வளையங்களும் மாதக்கணக்கில்தான் பலப்படும். ‘டப்’ என்று சத்தம் கேட்டு வளையம் கிழிந்தால் வாரக்கணக்கில் ஓய்வு.

கொழும்பின் ஈரக்காற்றில் கை எப்போதும் வியர்க்கும். பூசுகிற வெண்தூள் பள்ளிக்கூட வெண்கட்டியல்ல, மக்னீசியம் காபனேற்று. நிறையப் பூசினால் நிறையப் பிடிக்கும் என்று நினைப்பவரிடம் “ரொட்டிக்கா மா தூவுற?” என்று கேட்பது நியாயமான கேள்வி. தடித்த தூள் பிடியின் சொரசொரப்பை நிரப்பிவிடும். மெல்லிய படலமாகப் பூசி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, பிடியைத் தூரிகையால் தேய்த்துவிட்டு ஏறுங்கள்.

கணக்கில் ஒன்று. 5.9 பெரிதா, 5.10 பெரிதா? பள்ளிக்கூடப் பிள்ளை 5.9 என்று சொல்லும். அமெரிக்க ஏறுநர் தரவரிசையில் 5.10 தான் கடினம். 5.9 க்கு மேல் மனிதரால் முடியாது என்று அட்டவணையை மூடிவிட்டார்கள், பிறகு ஏறிக் காட்டியவர்களுக்காக ‘ஐந்து பத்து’ என்று நீட்டினார்கள். கயிறில்லாமல் குறும்பாறை ஏறுவதற்கான தரவரிசை வீ0, வீ1 என்று போகும். அந்த வீ என்பது அதை உருவாக்கிய ஜோன் ஷெர்மனின் பட்டப்பெயரான ‘வெர்மின்’ என்பதன் முதலெழுத்து. பொருள், தொல்லை தரும் எலி, பூச்சி இனம்.

குறும்பாறையில் கீழே நிற்பவரின் வேலையை நம் பழமொழி அப்படியே சொல்கிறது: பனை ஏறுகிறவனின் பின்புறத்தை எந்த மட்டும் தாங்கலாம்? கை எட்டும் மட்டும்தான். அதற்குள் செய்ய வேண்டியது ஏந்துவதல்ல, திருப்பிவிடுவது. விரல்களை ஒட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, விழுகிறவரின் இடுப்புக்கு மேலே கை கொடுத்து மெத்தையின் பக்கம் தள்ள வேண்டும். விரலை விரித்து நின்றால் முறியும்.

ஒரு பகிடி மட்டும் எனக்கு ஒருபோதும் பிடிக்காதது, நிறையைப் பற்றியது. மெலிந்தால் ஏறலாம் என்ற நினைப்பு இந்த விளையாட்டில் பலரை நோயாளியாக்கியிருக்கிறது. சர்வதேச சம்மேளனமே 2024 இல் உணவுக் குறைபாட்டுக்கு எதிராக விதிகள் கொண்டுவந்தது. கயிறு பிடிக்கிறவர் மிக மெலிந்தவராயின் ஏறுகிறவரின் நிறையைக் கேட்கத்தான் வேண்டும், விழுந்தால் இவர் மேலே இழுபடுவார். அதைத் தகவலாகக் கேளுங்கள், சிரிப்பாகக் கேட்காதீர்கள்.

கடைசி நொடி. வாத்தியார் வாயில் கட்டளை, வீட்டு வாசலில் கல், சிவனொளிபாதத்தில் ஐயாயிரத்துக்கு மேல். என்ன?

படி. நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறத்தாழ 5,500 படி, ஆயிரம் மீற்றர் ஏற்றம். ஏறும்போது மூச்சைக் கேட்கும், இறங்கும்போது முழங்காலைக் கேட்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால்தான் அடுத்த இரண்டு நாளும் வலி. மாடிக் குடியிருப்பில் இருக்கிறவர்கள் ஆறு வாரம் முன்பே பழகலாம். பலர் படியில் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். லிஃப்டில் ஏறி, படியில் இறங்குங்கள், முதல் வாரம் பத்து மாடி, பிறகு வாரத்துக்கு ஐந்து மாடி கூட்டி. வணக்கம்.