ஏழு விருதுகள், எட்டாவது எங்கே?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நியூயார்க்கின் ப்ராட்வே அரங்குகளில் மேடையேறும் நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதின் வரலாற்றில் தகுதி இருந்தும் தோற்ற இசை நாடகம் எது என்று கேட்டால் பலரும் 1958-ஐச் சொல்வார்கள். 'தி மியூசிக் மேன்' வென்றது, 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' தோற்றது. 1976-இல் பதினொரு பரிந்துரைகளோடு வந்த 'சிகாகோ' வெறுங்கையோடு திரும்பியதைச் சிலர் சொல்வார்கள். அவை எனக்கு ஆறிவிட்டன. வென்றவையும் பெரும் படைப்புகள்தாம். ஆறாதது 1972.

'ஃபாலீஸ்' நாடகத்தைச் சொல்கிறேன். இடிக்கப்படவிருக்கும் ஒரு பழைய அரங்கில், முன்பு அங்கே ஆடிப் பாடிய பெண்கள் கடைசியாக ஒருமுறை கூடுகிறார்கள். அவர்களுடைய இளமை உருவங்கள் ஆவிகளைப் போல அருகிலேயே நடமாடுகின்றன. நடுவயதைத் தாண்டிய இரண்டு தம்பதிகள், ஆண்டுக்கணக்காக நெஞ்சில் பூட்டி வைத்ததையெல்லாம் அந்த ஓர் இரவில் கொட்டிவிடுகிறார்கள். முதுமையைப் பற்றி ப்ராட்வே இவ்வளவு நேராகப் பேசியதில்லை என்பேன்.

அன்றைய விருதுகளை வரிசையாகக் கேளுங்கள். இசைக்கும் பாடலுக்கும் ஸ்டீபன் சோன்ட்ஹைம். இயக்கத்துக்கு ஹரால்ட் பிரின்ஸும் மைக்கேல் பென்னட்டும். நடன அமைப்பும் பென்னட்டுக்கே. அரங்க அமைப்பு, உடை, ஒளியமைப்பு ஆகிய மூன்றும் 'ஃபாலீஸ்' குழுவுக்கு. சிறந்த நடிகை அலெக்சிஸ் ஸ்மித். மொத்தம் ஏழு. ஆனால் சிறந்த இசை நாடகம், ஷேக்ஸ்பியரைத் தழுவிய 'டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா'! அதற்குக் கிடைத்த மற்றொரு விருது, நாடகப் பிரதிக்கானது. கையும் காலும் கண்ணும் குரலும் சிறந்தவை, ஆள் மட்டும் இரண்டாமிடம் என்றால் எந்த ஊர் நியாயம்?

வென்றதைப் பழிக்க நான் வரவில்லை. தயாரிப்பாளர் ஜோசப் பாப் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் மக்களுக்கு இலவசமாகக் காட்டிய நாடகம் அது. கறுப்பினக் கலைஞர்களும் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரவுல் ஜூலியாவும் ஷேக்ஸ்பியரின் காதலர்களாக ஆடிப் பாடியது அந்நாளில் பெரிய காரியம். துள்ளலும் வெயிலும் நிறைந்த அந்த மேடையை வாக்களித்தவர்கள் விரும்பியது எனக்குப் புரிகிறது. 'ஃபாலீஸ்' பிரதியில் கதையோட்டம் மெலிந்தது என்ற குறையும் பொய்யில்லை.

காலமும் 'ஃபாலீஸு'க்கு எதிராக நின்றது. 1971 விழா மார்ச்சிலேயே முடிந்துவிட்டது; நாடகம் அரங்கேறியதோ ஏப்ரல் 4. அடுத்த விழாவுக்கு ஓராண்டு காத்திருந்தது. அதற்குள் புதுமையின் பளபளப்பு போய்விட்டது. 522 காட்சிகளோடு 1972 ஜூலையில் திரை விழுந்தபோது, போட்ட முதல் முழுவதும் கரைந்திருந்தது. இசைத்தட்டிலாவது முழுமையாக வாழ்ந்ததா? அதுவும் இல்லை. ஒரே தட்டுக்குள் அடக்குவதற்காகப் பாடல்களை வெட்டிக் குறுக்கினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு விருதை இழந்ததைவிட அதிகம் வலிக்கிறது.

1985-இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அந்தப் பாடல்களை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தது. 2001-இலும் 2011-இலும் ப்ராட்வே அதைத் திரும்ப அழைத்தது. 2017-இல் லண்டன் நேஷனல் தியேட்டர் மேடையேற்றியது. அடுத்த ஆண்டு, சிறந்த மறுமேடையேற்றத்துக்கான ஒலிவியர் விருது, அதாவது லண்டன் நாடக உலகின் பெரிய விருது, அதற்குக் கிடைத்தது. மறுமேடையேற்றத்துக்கான விருது, அவ்வளவே. டோனி பட்டியலில் 1972-க்கு நேரே இன்றும் இருப்பது வெரோனாவின் பெயர்தான்.