விலை குறைஞ்ச ஏர் பிஸ்டலை நம்பி போட்டிக்கு இறங்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அப்பா அனுப்பியிருக்கார். "பையனுக்கு 14 வயசு, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுறான். ஸ்டெயர், மொரினி எல்லாம் நமக்குக் கட்டுப்படி ஆகாது. பழைய ரஷ்ய பைக்கால் 46எம் பிஸ்டல் ஒண்ணு விலைக்கு வருது. கேமோ காம்பாக்ட் ஒண்ணு இருக்கு. கார்பன் டை ஆக்சைடு வாயுவுல (சிஓ2) சுடுற பழைய மேட்ச் பிஸ்டலும் ஒருத்தர் தர்றேங்கறார். எதை நம்பி வாங்கலாம்? போட்டி நடுவுல காலை வாரிடுமா?"

சார், முதல்ல அந்த சிஓ2 பிஸ்டலை விட்டுடுங்க. பிஸ்டல் மேல குறை இல்ல, நம்ம ஊர் வெயில்தான் பிரச்சினை. சிலிண்டருக்குள்ள சிஓ2 20 டிகிரியில 57 பார் அழுத்தத்துல இருக்கும், 30 டிகிரியில 72 பார். 31 டிகிரி தாண்டினா உள்ள திரவமே இருக்காது, அப்புறம் அழுத்தம் எகிறும். அழுத்தம் மாறினா குண்டோட வேகமும் மாறும். ஏசி இல்லாத ரேஞ்ச்ல காலையில செட் பண்ண சைட் (குறி பாக்குற அமைப்பு) மதியத்துக்கு உதவாது.

மிச்சம் ரெண்டு. ரெண்டுமே ஒரே தடவை பம்ப் அடிச்சு ஒரு குண்டு சுடுற வகை. சிலிண்டர் கிடையாது, அழுத்தத்தைச் சீரா வெக்கிற ரெகுலேட்டர் கிடையாது. அதனால சுடாம நின்னு போறது ரொம்ப அபூர்வம். இந்த வகை ஏமாத்துறது வேற மாதிரி. சத்தம் அதேதான் கேக்கும், ஆனா வேகம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே இருக்கும். பையன் தன் கை மேல சந்தேகப்பட்டுட்டு நிப்பான்.

கணக்கு பாருங்க. டார்கெட்ல 10-வது வளையத்தோட விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் (அதாவது குண்டு) 4.5 மி.மீ. கோட்டைத் தொட்டாலே 10 தான். அப்போ பெல்லட்டோட மையம் நடுப்புள்ளியில இருந்து 8 மி.மீ.க்குள்ள விழுந்தா போதும். ஒவ்வொரு வளையமும் இன்னொரு 8 மி.மீ. இப்போ பெல்லட் விநாடிக்கு 125 மீட்டர் வேகத்துல போகுதுன்னா 10 மீட்டர் போய்ச் சேர்றதுக்குள்ள 31 மி.மீ. கீழ இறங்கும். காத்தை அடைச்சு வெக்கிற ரப்பர் சீல் தேஞ்சு 115 மீட்டர் ஆயிடுச்சுன்னா 37 மி.மீ. இறங்கும். அந்த 6 மி.மீ. வித்தியாசம் ஓரத்துல விழவேண்டிய பத்தை ஒன்பதாக்கிடும். அதுவே ஷாட்டுக்கு ஷாட் ரெண்டு மூணு மீட்டர் வித்தியாசம்னா ஒன்றரை மி.மீ.தான், கண்டுக்க வேண்டாம்.

அதனால பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி குண்டோட வேகத்தை அளக்குற குரோனோகிராஃப் ஒண்ணு இரவல் வாங்கிட்டுப் போங்க. ஒரே டப்பா பெல்லட்ல பத்து ஷாட் அடிச்சு வேகத்தை எழுதிக்கோங்க. அப்புறம் பம்ப் அடிச்சு, பெல்லட் போட்டு, ஒரு நிமிஷம் சும்மா வெச்சிருந்து சுடுங்க. போட்டியில பையன் கையைத் தூக்குவான், பிடிக்கலன்னா இறக்குவான், திரும்பத் தூக்குவான், அந்த நேரம்தான் இது. உடனே சுட்டதுக்கும் இதுக்கும் 5 மீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா எங்கேயோ காத்து ஒழுகுது. ப்ரீச் (பெல்லட் போடுற வாய்) சீல்ல ஒழுகுதான்னு பாக்க டிஷ்யூ பேப்பர் ஒரு கீத்து கிழிச்சு, ப்ரீச் மூடுற இணைப்பு மேல வெச்சு, பெல்லட் போட்டு சுடுங்க. பேப்பர் துள்ளினா அந்த சின்ன ரப்பர் வளையத்தை மாத்தணும். அது சில்லறைச் செலவு. பேப்பர் அசையல, வேகம் மட்டும் இறங்குதுன்னா வால்வு, இல்லன்னா பம்ப் பிஸ்டன் சீல். பத்து ஷாட்டும் மொத்தமாவே கம்மியா வந்தா பம்ப் பிஸ்டன் சீல். இந்த ரெண்டையும் பிரிச்சுப் போடத் தெரிஞ்ச ஆள் பக்கத்துல இல்லன்னா வாங்காதீங்க.

சீலுக்கு சிலிக்கான் கிரீஸ், அதுவும் லேசா தடவினா போதும். தையல் மெஷின் ஆயில், துரு எடுக்கிற ஸ்ப்ரே எல்லாம் உள்ள அடிக்கக் கூடாது. ரப்பர் உப்பிடும்.

அடுத்தது சைட். பின் சைட்டை விரலால பக்கவாட்டுல தள்ளிப் பாருங்க. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் 33 செ.மீ. இடைவெளி இருந்தா, பின்னாடி வெறும் 0.1 மி.மீ. ஆட்டம் டார்கெட்ல 3 மி.மீ. ஆயிடும். அப்புறம் அஞ்சு கிளிக் மேல, அஞ்சு கிளிக் கீழ திருப்பி சுடுங்க. பழைய இடத்துக்கே குண்டு வரணும். வரலன்னா ஸ்க்ரூ மரை தேஞ்சிருக்கு.

ட்ரிகர் குறைஞ்சது 500 கிராம் தாங்கணும்னு விதி. பேரலை நேரா மேல பாக்க வெச்சு, 500 கிராம் எடை ட்ரிகர்ல தொங்க, மேஜையில இருந்து மெதுவா தூக்குவாங்க. ட்ரிகர் விழக் கூடாது. சரியா 500-ல நிறுத்தி வெக்கிற ஆசை எல்லாருக்கும் வரும், பழைய ஸ்பிரிங்ல அது வேண்டாம். 520, 530-ல வெச்சுடுங்க. 46எம் ட்ரிகரை 500-க்குக் கீழயும் இறக்க முடியும், முன்னாடி வெச்சிருந்தவர் இறக்கியிருப்பார், கட்டாயம் சோதிங்க.

இந்த ரெண்டுல எதுன்னா, சீல் நல்லா இருந்தா 46எம் தான். பேரல் தரமானது, எடை 1.3 கிலோ பக்கம், கையில நிதானமா நிக்கும். பம்ப் அடிக்கிற லீவரைத் தொடாம ப்ரீச்சை மட்டும் திறந்து மூடினா ட்ரிகர் செட் ஆயிடும், வீட்டுல குண்டில்லாம பழக அருமையான வசதி. நீளம் 42 செ.மீ. போட்டி விதிப்படி பிஸ்டலை உள்ள வெச்சு அளக்குற பெட்டியோட நீளமும் 42 செ.மீ.தான். அதனால க்ரிப்பைப் பின்னாடி நீட்டி செதுக்கிடாதீங்க, பெட்டிக்குள்ள போகாது. கேமோ ஒரு கிலோகூட வராது, கொஞ்சம் படபடன்னு ஆடும். ஆனா 14 வயசுக் கைக்கு அந்தக் குறைஞ்ச எடை ஒரு விதத்துல சௌகரியம். முதல் வருஷத்துக்கு மோசமில்ல.

46எம்-க்கு உண்மையான சோதனை பையனோட தோள்தான். போட்டியில 60 குண்டு, 75 நிமிஷம். அதுக்கு முன்னாடி குறி சரிபாக்குற 15 நிமிஷ சைட்டிங் ஷாட் வேற. எண்பது தடவை லீவர் இழுக்கணும். சுடுற கை பிஸ்டலை அசையாம பிடிச்சா போதும், இழுக்கறதும் மூடறதும் மத்த கைதான் செய்யணும். லீவரைக் கடைசி வரைக்கும் திறந்து, நடுவுல நிறுத்தாம ஒரே சீரா மூடணும். பாதியில நின்னு மூச்சு வாங்கினா அந்த ஷாட்டோட வேகமே மாறிடும். வாங்கறதுக்கு முன்னாடி பையனையே கூட்டிட்டுப் போய் ஐம்பது தடவை அடிக்க விடுங்க. நாற்பதாவதுல கை நடுங்குதுன்னா இப்போதைக்கு கேமோவே எடுங்க.

பெல்லட்ல மிச்சம் பிடிக்காதீங்க. தட்டைத் தலை மேட்ச் பெல்லட், தலை அளவு 4.49, 4.50, 4.51 மி.மீ. மூணையும் வாங்கி, உட்கார்ந்து மணல் பை மேல கையை வெச்சு, ஒவ்வொண்ணுலயும் பத்து ஷாட் சுட்டுப் பாருங்க. எது நெருக்கமா விழுதோ, அந்த லாட்லயே (ஒரே தடவையில தயாரான தொகுதி) நாலஞ்சு டப்பா சேர்த்து வாங்கிடுங்க.