போர்வைக்கு மேலே படுத்தவர்

வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். முதல் வரிசையை யாரோ விஐபிக்கு என்று காலியாக விட்டிருக்கிறார்கள், அப்படி யாரும் வரப்போவதில்லை.

செப்டம்பரில் பிரிட்டனுக்குப் படிக்கக் கிளம்புகிறவர்களும், அவர்களை விமானம் ஏற்றிவிடப் போகிற அப்பா அம்மாக்களும்தான் இங்கே அதிகம். விசா, லோன், ஃபீஸ் விஷயங்களில் நீங்கள் என்னைவிடத் தேறியவர்கள், அதையெல்லாம் தொடப்போவதில்லை. நான் 2013இல் ஷெஃபீல்டுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போனவன். அங்கே எதெது புரியாமல் திருதிருவென்று விழித்தேனோ அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1914 ஏப்ரலில் ராமானுஜன் இங்கிலாந்து போய் இறங்கினார். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி. அதே ஊரில் அப்போது மகலனோபிஸும் படித்துக்கொண்டிருந்தார், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர். ஒரு நாள் ராமானுஜனின் அறைக்குப் போனால், மனிதர் கணப்புக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையையும் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறேன் என்கிறார். போர்வை போதவில்லையோ என்று மகலனோபிஸ் உள்ளே போய்ப் பார்த்தார். போர்வைகள் நிறையவே இருந்தன. அந்த ஊர் வழக்கப்படி மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பையும் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் போர்வைகளைப் பிரித்து அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அத்தனை போர்வைக்கும் மேலே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், விமானம் ஏறும் வரைக்கும். கணக்கில் அவருக்கு ஈடு அந்த ஊரிலேயே நாலு பேர் இருந்தால் அதிகம். ஆனால் போர்வைக்குள் எப்படிப் படுப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் அது தெரியாத ஒருவர் இருப்பார் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றவே தோன்றாது. அவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்பதே தெரியாதபோது எதைக் கேட்பது?

2023-24 கல்வியாண்டில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் படித்தார்கள். வரவேற்பு வாரம், வழிகாட்டிக் கையேடு, விமான நிலையத்துக்கே வந்து அழைத்துப்போக பஸ், எல்லாம் உண்டு. அப்படியும் முக்கால்வாசிப் பேர் முதல் மூன்று மாதம் போர்வைக்கு மேலேதான் படுக்கிறார்கள், நான் பார்த்த வரையில்.

என் முதல் போர்வை, பெயர். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அறுபது வயது மனிதர், நரைத்த தாடி, முதல் வகுப்பிலேயே தன் பெயரைச் சொல்லி அப்படியே கூப்பிடச் சொல்லிவிட்டார். எனக்கு நாக்கு புரளவில்லை. 'சார்' என்றால் அங்கே பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கிறது, பெயரைச் சொன்னால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. கடைசியில் எதையுமே சொல்லாமல், அவர் என் பக்கம் திரும்பும் வரை காத்திருந்து பேச ஆரம்பித்தேன். என் பாட்டி தாத்தாவைப் பெயர் சொல்லாமலே ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியது எப்படி என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது சின்ன விஷயம்தான். ஆனால் பெயர் சொல்லத் தயங்கியதால் அவரைப் பார்க்கவே போகவில்லை, அதுதான் பெரிய விஷயம். வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் 'ஆஃபீஸ் ஹவர்ஸ்' என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், யார் வேண்டுமானாலும் போய் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஏதாவது தப்பு செய்தவர்களைத்தான் அங்கே கூப்பிடுவார்கள் என்று நான் டிசம்பர் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மூரில் ஹெச்ஓடி ரூமுக்குப் போவது என்றால் வேறென்ன அர்த்தம்?

அப்புறம் கால அட்டவணை. கையில் வாங்கியதும் சந்தோஷத்தில் வீட்டுக்கு ஃபோன் போட்டேன், வாரத்துக்கு ஒன்பது மணி நேரம்தான் கிளாஸ், மீதி ஃப்ரீ என்று. அந்த 'ஃப்ரீ' எவ்வளவு விலை தெரியுமா? ஒரு வருட மாஸ்டர்ஸ் என்பது 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது கணக்கு. 15 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 மணி நேரம் ஆகிறது, அதில் வகுப்பில் உட்காருவது இருபது சொச்சம் மணி நேரம் என்று வையுங்கள், மீதி 130 மணி நேரமும் நீங்களாக நூலகத்தில் உட்கார்ந்து ரீடிங் லிஸ்டைப் படிக்க வேண்டியது. யாரும் விரட்டமாட்டார்கள். 'ஏன் படிக்கவில்லை' என்று கேட்கமாட்டார்கள். செமினாரில் எல்லோரும் படித்துவிட்டு வந்து பேசும்போது நீங்கள் மட்டும் தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான்.

முதல் கட்டுரைக்கு எனக்கு 58 வந்தது. எஸ்எஸ்எல்சியிலிருந்து தொண்ணூறுக்குக் கீழே இறங்காத பையன் நான். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அங்கே மாஸ்டர்ஸில் 50 வாங்கினால் பாஸ், 60க்கு மெரிட், 70க்கு மேல் டிஸ்டிங்க்ஷன். எண்பதைத் தொடுகிறவர் அபூர்வம். எழுபது வாங்கினால் பார்ட்டி கொடுக்கலாம். இங்கே இருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பிள்ளை ஜனவரியில் ஃபோன் செய்து 64 என்று சொன்னால், "மீதி 36 எங்கே போச்சு" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஆனால் அந்த 58க்குக் கீழே எழுதியிருந்த குறிப்புதான் எனக்கு உறைத்தது. நிறையப் படித்திருக்கிறீர்கள், யார் யார் என்ன சொன்னார்கள் என்று அழகாகத் தொகுத்திருக்கிறீர்கள், இதில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நானா? நான் யார் சொல்வதற்கு? புத்தகத்தில் இருப்பதை ஒரு எழுத்து பிசகாமல் எழுதினால் முழு மார்க் என்று பதினேழு வருஷம் பழக்கியிருக்கிறார்களே. அங்கே பெரிய அறிஞரோடு சண்டை போடலாம், சரியான ஆதாரம் காட்டினால் போதும். இந்த ஒன்று பிடிபட எனக்கு ஒரு செமஸ்டர் முழுக்க ஆனது.

அந்தப் புத்தக வரியை ஒரு எழுத்து பிசகாமல் எழுதும் பழக்கம் அங்கே திருட்டு. மிகைப்படுத்தவில்லை. டர்னிடின் என்ற மென்பொருள் நீங்கள் எழுதியதை இணையத்தில் இருப்பதோடும் மற்ற மாணவர்கள் எழுதியதோடும் ஒப்பிட்டுக் காட்டும். என்னோடு படித்த நம்மாள் ஒருவன், நல்ல மனசுக்காரன், கெஞ்சிக் கேட்ட நண்பனுக்குத் தன் கட்டுரையை "சும்மா பார்த்துக்கோ" என்று அனுப்பினான். அந்த நண்பன் பார்த்ததோடு நிற்கவில்லை. விசாரணைக்கு இரண்டு பேரையும்தான் கூப்பிட்டார்கள், கொடுத்தவனும் குற்றவாளி. நம்மூரில் ரெக்கார்ட் நோட்டைக் கொடுக்காதவனுக்குத்தான் கெட்ட பெயர் வரும், அங்கே தலைகீழ். அதோடு, காசு கொடுத்தால் கட்டுரை எழுதித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வரும், கட்டாயம் வரும். 2022இல் வந்த சட்டப்படி இங்கிலாந்தில் அந்த வியாபாரமே குற்றம். பதில் போடாமல் பிளாக் செய்யுங்கள். வாங்கியவர்களைப் பின்னாளில் "பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டிக் காசு பிடுங்குவதும் உண்டு.

பேச்சு பற்றி. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் ஏழரை வாங்கியிருப்பீர்கள், ஆனால் ஷெஃபீல்டில் கடைக்காரம்மா உங்களை 'லவ்' என்று கூப்பிடுவார், பஸ் டிரைவரும் கூப்பிடுவார், அதில் ஒன்றுமில்லை, நம்மூர் 'கண்ணு' மாதிரி. எதிரே வருகிறவர் 'யூ ஆல்ரைட்?' என்றால் உங்கள் உடம்பு எப்படி என்று கேட்கவில்லை, நானோ நின்று என் ஜலதோஷத்தை விவரித்தேன். சிக்கலானது சூப்பர்வைசர், அதாவது நம் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர், பேசும் பாஷை. "இந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாமே" என்று புன்னகையோடு சொல்வார். யோசித்தேன், நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டேன். மாற்றி எழுது என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். நமக்கு இது புரியாத பாஷை இல்லை, பாருங்கள். கடன் கேட்டுப் போன இடத்தில் பெரியப்பா "பார்க்கலாம்ப்பா" என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? இங்கிலீஷில் வரும்போதுதான் ஏமாந்துவிடுகிறோம்.

குளிரைப் பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள். கோட் வாங்கினால் குளிர் போச்சு. இருட்டைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், காலையில் எட்டு தாண்டித்தான் வரும். மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண் அசந்தால் அன்றைய வெளிச்சம் அவ்வளவுதான். ஆள் சோர்ந்துபோவது சோம்பேறித்தனத்தால் இல்லை. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் விட்டமின் டி எடுத்துக்கொள்வதை யோசிக்கும்படி அங்கே எல்லோருக்கும் என்ஹெச்எஸ் என்கிற அரசு மருத்துவச் சேவை சொல்கிறது, நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு வருஷம் முழுக்க.

என்ஹெச்எஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. விசாவோடு சேர்த்து வருஷத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். கட்டிவிட்டு, ஜிபி என்கிற வட்டார டாக்டரிடம் பெயரைப் பதியாமலே இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். காய்ச்சல் வந்தால் திருச்சியில் இருக்கும் டாக்டர் மாமாவுக்கு ஃபோன். போர்வைக்குக் காசு கொடுத்துவிட்டு அதன் மேலேயே படுப்பது இதுதான். அங்கே போய் இறங்கிய வாரமே பதியுங்கள், உடம்பு நன்றாக இருக்கும்போதே.

பகுதி நேர வேலை: டெர்ம், அதாவது படிப்புப் பருவம், நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி, திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15, சராசரி சரியாகிவிட்டதே என்று கணக்குச் சொன்னால் எடுபடாது. மாஸ்டர்ஸ்காரர்களுக்குக் கோடையில் டிசர்டேஷன் என்கிற ஆய்வேடு எழுதும் மாதங்களும் டெர்ம்தான், கல்லூரி வெறிச்சோடிக் கிடக்கிறதே என்று முழு நேரம் வேலைக்குப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். படிப்பு முடித்து அங்கேயே தங்கி வேலை தேட இப்போது கிடைக்கும் இரண்டு வருடம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம், பிஹெச்டிக்கு மட்டும் மூன்று வருடம். நான் படித்த காலத்தில் அதுவும் இல்லை, 2012இல் நிறுத்தியதை 2021இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கடைசியாக ஒன்று. என் பக்கத்து அறையில் இருந்த பெண்ணுக்கு நவம்பரில் பாட்டி இறந்துபோனார், அவளை வளர்த்த பாட்டி. டிக்கெட்டுக்குக் காசில்லை. காரியத்தை ஸ்கைப்பில் பார்த்தாள். பதினைந்து நாள் ஒரு வரி எழுத முடியவில்லை, இரண்டு கட்டுரைகள் போயின, ஒரு பாடத்தில் ஃபெயில். மார்ச்சில் டியூட்டர் தற்செயலாக விசாரித்தபோதுதான் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். இப்படி ஒரு நிலைமை வந்தால் ஒரு படிவம் நிரப்பினால் போதும், அவகாசம் கொடுப்பார்கள், சாவு, நோய், மன உளைச்சல் எல்லாவற்றுக்கும் அந்த ஏற்பாடு உண்டு. ஆனால் அப்போதே சொல்ல வேண்டும், தேர்வுக் குழு கூடி முடிவெடுத்த பிறகு சொன்னால் கஷ்டம். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். "நம்ம வீட்டு விஷயத்தை அவங்ககிட்ட எப்படிச் சொல்றது, அனுதாபம் தேடற மாதிரி இருக்காதா" என்றாள். அந்தப் படிவத்தைப் பற்றி எங்கள் எல்லோருடைய கையேட்டிலும் ஒரு பக்கம் இருந்தது. நானும் படித்திருந்தேன். சோம்பேறிப் பையன்களுக்காக வைத்தது என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன், அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

சரி, நேரம் ஆகிவிட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா அரை மணி நேரமாகக் கையைத் தூக்குவதும் பக்கத்தில் இருக்கும் பையன் அதைப் பிடித்து இழுத்துக் கீழே வைப்பதுமாக இருக்கிறார்கள். தாளிக்கும்போது ஃபயர் அலாரம் அடிக்குமா என்றுதான் கேட்கப்போகிறார் என்று நினைக்கிறேன். அடிக்கும்மா, நான் கடுகு தாளித்து நாலு மாடியும் ராத்திரியில் தெருவுக்கு வந்து நின்றிருக்கிறது. வேறு ஏதாவதா? தம்பி, அம்மா கையை விடுப்பா. கேளுங்கம்மா.